அணு உலைக்கு அடுத்த வயலில் காத்தாடி

(நாகர்கோவிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அணுமின்சாரமா, காற்றும் வெயிலும் தரும் மின்சாரமா என்று டெல்லியில் உட்கார்ந்து விவாதிக்கிறவர்களுக்கு ஏட்டுக்கணக்குதான் துணை. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் வழியாகக் கிழக்கே போங்கள், வழிநெடுகக் காத்தாடி. கூடங்குளம் உலைகளின் கும்மட்டத்தைப் படமெடுக்க வருகிற பத்திரிகைக்காரர்கள் காத்தாடி விழாமல் படமெடுக்கப் படுகிற பாடு எனக்குத் தெரியும். இரண்டும் இந்த மண்ணுக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தவை. 1986-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைத் தொகுப்பு சுற்றத் தொடங்கியது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதிலிருந்து ஏறத்தாழ நாற்பது வருடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிப் புதிதாக ஓர் அணு உலைகூட இந்த நாட்டில் தொடங்கக் கூடாது. அந்தப் பணமும் உழைப்பும் காற்றுக்கும் வெயிலுக்கும், அவற்றைச் சுமந்து செல்லும் கம்பிகளுக்கும், சேமித்து வைக்கும் வசதிகளுக்கும் போகவேண்டும். இதைச் சொல்ல நான் புற்றுநோயை வைத்துப் பயமுறுத்தப் போவதில்லை. கதிர்வீச்சைப் பற்றிப் பேச மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒரே கேள்வி. சொன்னது நடக்காவிட்டால் யார் பதில் சொல்வார்கள்? இந்தக் கேள்வியை அணுசக்தித் துறையிடம் மட்டும் கேட்டால் போதாது, காத்தாடிக்காரர்களிடமும் கேட்கவேண்டும். அதையும் கேட்கத்தான் போகிறேன்.

முதலில் வாக்குறுதிகள். ஹோமி பாபா 1962-இல் ஒரு கணிப்புச் சொன்னார்: 1987-க்குள் இந்தியாவில் 20,000 முதல் 25,000 மெகாவாட் அணுமின் திறன் இருக்கும் என்று. 1987 வந்தது; அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1969-இல் துறை இன்னொரு கணிப்பு வைத்தது: 2000-ஆம் ஆண்டுக்குள் 43,500 மெகாவாட். அந்த ஆண்டு முடிந்தபோது 3,000-ஐக்கூட எட்டவில்லை. பிறகு 2020-க்குள் 20,000 என்றார்கள். 2020-இல் இருந்தது 6,780. இப்போது 2025-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை 2047-க்குள் 1,00,000 மெகாவாட் என்கிறது. வேறெந்தத் துறையாவது அறுபது வருடம் இப்படிக் கணிப்புத் தவறியிருந்தால் நாடாளுமன்றத்தில் கிழித்திருப்பார்கள். இங்கே ஒவ்வொரு முறையும் இலக்கைப் பெரிதாக்கிக் கொடுக்கிறோம்.

பாபாவை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் காலத்தில் உலகம் முழுக்க அந்த நம்பிக்கை இருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதே நம்பிக்கையைச் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் என் குறை.

கூடங்குளத்துக்கு வருவோம். சோவியத் நாடு சிதறியதால் பத்தாண்டு கிடப்பில் கிடந்த திட்டம் 1998-இல் மறுபடி உயிர்பெற்றது. 2002 மார்ச்சில் முதல் உலைக்குக் கான்கிரீட் கொட்டினார்கள். 2007 டிசம்பரில் மின்சாரம் என்றார்கள். முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31. இரண்டாவது 2017 மார்ச். 13,171 கோடி என்று மதிப்பிட்ட இரண்டு உலைகள் 22,462 கோடியில் முடிந்தன. போராட்டத்தால்தான் தாமதம் என்று ஒரு பேச்சு உண்டு. இடிந்தகரை என்ற பக்கத்துக் கடலோர ஊரை மையமாகக் கொண்டு மக்கள் போராட்டம் பெரிதாக வெடித்தது 2011 ஆகஸ்டில். 2007-இல் முடிந்திருக்கவேண்டிய வேலைக்கு 2011-இல் நடந்த போராட்டம் எப்படிக் காரணமாகும்? மூன்றாவது, நான்காவது உலைகளுக்கு 2017-இல் வேலை தொடங்கியது. 2023-இல் முடியும் என்றார்கள். அப்போது இடிந்தகரைப் பந்தலும் இல்லை, உண்ணாவிரதமும் இல்லை. 2025 முடிந்தபோதும் அவை ஓடவில்லை.

எரிப்பதைவிட அதிக எரிபொருளை ஈனும் என்கிற கல்பாக்கத்து ஈனுலை இன்னும் நீண்ட கதை. 2004-இல் தொடங்கி 2010-இல் முடியவேண்டிய 500 மெகாவாட் உலை; எரிபொருள் ஏற்றும் பணியைப் பிரதமர் வந்து தொடங்கிவைத்தது 2024 மார்ச்சில். ஈனுலையில் நாம் மட்டும் தடுமாறவில்லை. ஜப்பானின் மொன்ஜு உலையில் 1995-இல் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. 2016-இல் அதை மூடிவிட முடிவெடுத்தார்கள். ஜெர்மனியில் கால்கார் என்ற ஊரில் கட்டி முடித்த ஈனுலை ஒருநாள்கூட ஓடவில்லை; இன்றைக்கு அது கேளிக்கைப் பூங்கா. குளிர்விக்கும் கோபுரத்துக்குள் குழந்தைகள் ராட்டினம் சுற்றுகிறார்கள். பிரான்ஸ் அணுமின்சாரத்தில் தேர்ந்த நாடு. அங்கே சாதாரண உலையான ஃபிளமான்வில் மூன்றாவது அலகே 2007-இல் தொடங்கி 2024 டிசம்பரில்தான் மின்கட்டமைப்பில் இணைந்தது.

இப்போது காத்தாடியின் கதை. இது பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1973 எண்ணெய் நெருக்கடியில் டென்மார்க் திணறியது. அணு உலைகள் கட்டலாம் என்று அங்கே மின்நிறுவனங்கள் திட்டம் போட்டன. மக்கள் மறுத்தார்கள். சிரிக்கும் சூரியன் படம் போட்டு ‘அணுசக்தியா? வேண்டாம், நன்றி’ என்று ஒரு வில்லை உலகம் முழுக்கச் சுற்றியதே, அதை 1975-இல் வரைந்தவர் ஆனே லுண்ட் என்ற டேனிஷ் இளம்பெண். ஆனால் வேண்டாம் என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. ட்விண்ட் என்ற இடத்தில் இருந்த பள்ளிகளின் ஆசிரியர்கள், மாணவர்கள், ஊர் ஊராக வந்த தொண்டர்கள் எல்லாருமாகச் சேர்ந்து அதே 1975-இல் ஒரு ராட்சதக் காற்றாலையைக் கட்டத் தொடங்கினார்கள். 1978-இல் அது சுற்றியது. இன்னும் சுற்றுகிறது. அதற்கும் முன்பே, 1957-இல், யோஹான்னஸ் யூல் என்ற பொறியாளர் கெட்சரில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியிருந்தார். மூன்று இறக்கை, எளிய மின்னாக்கி, பெரிய மராமத்து இல்லாமல் பத்தாண்டு ஓடியது. அந்த வடிவத்தைத் தச்சர்களும் கொல்லர்களும் பண்ணைக் கருவி செய்கிறவர்களும் எடுத்துத் திருத்தித் திருத்திப் பெரிதாக்கினார்கள். வெஸ்டாஸ் நிறுவனத்தின் பூர்வீகமே ஒரு கொல்லுப்பட்டறைதான். 1985-இல் டென்மார்க் நாடாளுமன்றம் அணுமின்சாரமே வேண்டாம் என்று முடிவெடுத்தது. இன்று அந்த நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது.

அந்தப் பட்டறைகளின் காத்தாடிகள்தான் நம் கணவாய்க்கு வந்தன. கயத்தாறு, முப்பந்தல் பக்கத்துத் தொடக்ககால ஆலைகளுக்கு டென்மார்க் அரசின் டானிடா உதவியது. தொண்ணூறுகளில் இங்கே சாலையோரம் படித்த பெயர்கள் நினைவிருக்கும்: என்.ஈ.பி.சி. மைகான், வெஸ்டாஸ் ஆர்.ஆர்.பி. இரண்டுமே டேனிஷ் நிறுவனங்களின் கூட்டு. அணு உலையை எதிர்த்த ஊர்க்காரர்கள் வளர்த்த கருவி ஒன்று கூடங்குளத்து வேலிக்கு வெளியே வந்து நின்றது. வந்தபோது அவை இருநூறு, இருநூற்றைம்பது கிலோவாட். இன்றைக்கு ஒரு காத்தாடி மூன்று மெகாவாட்டைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். காற்றாலையின் மெகாவாட்டும் அணு உலையின் மெகாவாட்டும் ஒன்றல்ல. வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் காத்தாடி தன் திறனில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான் தரும். நன்றாக ஓடுகிற அணு உலை அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் தரும். கூடங்குளம் இரண்டு உலைகளின் மின்சாரம் விலையிலும் மோசமில்லை. யூனிட் நான்கு ரூபாயை ஒட்டி வருகிறது. கரியமில வாயுவைப் பொறுத்தவரை நிலக்கரியோடு அதை ஒப்பிடவே முடியாது. எதிர்ப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ளாமல் பேசினால் கேட்கிறவன் மூடன் என்று நினைத்துப் பேசுவதாகும்.

அதனால்தான் இன்னொன்றும் சொல்கிறேன். இங்கே சில நண்பர்களுக்குக் கோபம் வரும். ஓடிக்கொண்டிருக்கிற இரண்டு உலைகளை நாளைக்கே மூடு என்று நான் கேட்கவில்லை. 1979-இலிருந்து சாம்பல் கக்குகிற தூத்துக்குடி அனல் நிலையம் முதலில் மூடப்படவேண்டும், எண்ணூர் மூச்சுவிடவேண்டும். ஜெர்மனி கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று மூடியது, நிலக்கரியை வைத்துக்கொண்டே. அந்த வரிசை தவறு என்பது என் எண்ணம். ஓடுகிற உலையை எப்போது நிறுத்துவது என்பது ஒரு கேள்வி, புதிய உலைக்குப் பணம் கொட்டுவதா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏனென்றால் விலையின் போக்கைப் பாருங்கள். 2010-இல் தேசிய சூரியசக்தித் திட்டத்தின் முதல் ஏலத்தில் யூனிட் 12 ரூபாயை ஒட்டி வந்தது. கமுதியில் 648 மெகாவாட் நிலையத்துக்குத் தமிழ்நாடு ஒப்புக்கொண்ட விலை 7 ரூபாய் 1 பைசா. 2017-இல் தமிழ்நாடு நடத்திய ஏலத்தில் 3 ரூபாய் 47 பைசா. அதே வருடம் ராஜஸ்தான் பட்லாவில் 2 ரூபாய் 44 பைசா. நாடு முழுவதும் 2014-இல் மூவாயிரம் மெகாவாட்டைத் தொடாத சூரிய மின்திறன் 2025 ஜனவரியில் 1,00,000 மெகாவாட்டைக் கடந்தது. அணுசக்தித் துறை 2047-க்குக் கேட்கிற அதே எண். அணு உலை மட்டும் ஒவ்வொன்றும் முந்தையதைவிட விலை ஏறித்தான் வருகிறது: கூடங்குளத்தின் மூன்றாவது நான்காவது உலைகளுக்கு 39,849 கோடி, ஐந்தாவது ஆறாவது உலைகளுக்கு 49,621 கோடி.

விலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இழப்பீட்டுச் சட்டம். 2010-இல் அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டம் வந்தபோது உலையை நடத்துகிறவரின் பொறுப்பு 1,500 கோடியோடு முடிந்தது. இரண்டு உலை கட்ட 22,462 கோடி, ஆனால் விபத்து நடந்தால் 1,500 கோடி! போபால் விஷவாயு வழக்கின் தீர்ப்பு வந்த சூடு ஆறாத நேரம் அது. அதனால், பழுதான கருவி கொடுத்தவரிடமும் இழப்பீடு கேட்கலாம் என்று ஒரு பிரிவைப் போராடிச் சேர்த்தார்கள். அந்த ஒரு பிரிவுக்காகவே அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்கள் இங்கே உலை விற்க வரத் தயங்கின. பாதுகாப்பில் நூறு சதவீதம் நம்பிக்கை உள்ளவர்கள் ஏன் தயங்கவேண்டும்? 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, தனியாருக்கும் கதவைத் திறந்திருக்கிறது. நடத்துகிறவரின் உச்சப் பொறுப்பு மிகப்பெரிய உலைக்கு 3,000 கோடி. கூடங்குளத்திலேயே 2013-இல் நான்கு வால்வுகள் குறைபாடு உள்ளவை என்று கண்டுபிடித்து மாற்றினார்கள். ஓடத் தொடங்குவதற்கு முன்பே கண்டுபிடித்தது நல்லதுதான். இனி இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கத் தவறினால் கொடுத்தவரிடம் கேட்க அந்தப் பிரிவு இல்லை.

ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று இன்னும் யாரும் முடிவுக்கு வரவில்லை. 2011 மார்ச் 11. நிலநடுக்கம் வந்ததும் உலைகள் தாமாகவே நின்றன. அதுவரை எல்லாம் திட்டப்படி. பிறகு கடல் ஏறி வந்தது. கீழ்த்தளத்தில் வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் மூன்று உலைகளின் உள்ளே எரிபொருள் உருகிற்று. மின்நிலையம் ஒன்று மின்சாரம் இல்லாமல் செத்தது என்பதுதான் அங்கே நடந்தது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போனார்கள். பதிமூன்று வருடம் கழித்து 2024 நவம்பரில் ஒரு ரோபோ உள்ளே போய் உருகிய எரிபொருளில் ஒரு துணுக்கை எடுத்து வந்தது. எடை ஒரு கிராமுக்கும் குறைவு. உள்ளே இன்னும் கிடப்பது ஏறத்தாழ 880 டன்.

நம் ஊரில் விபத்து வேண்டாம், கழிவே போதும். 1988 ஒப்பந்தத்தின்படி எரிந்து முடிந்த எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போகும் என்றார்கள். பின்னால் அது இங்கேயே இருக்கும் என்று மாறியது. இந்தக் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு மாற்றமும் நினைவிருக்கும்: உலைக்குப் பேச்சிப்பாறைத் தண்ணீர் என்று தொடங்கி, நாஞ்சில்நாட்டு விவசாயிகள் எதிர்த்த பிறகு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று ஆனது. எதிர்த்ததால் கிடைத்த மாற்றம் அது. கழிவு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2013 மே தீர்ப்பில், உலைக்கு வெளியே பாதுகாப்பான சேமிப்பிடத்தை ஐந்தாண்டில் கட்டச் சொன்னது. 2018-இல் அணுமின் கழகம் மேலும் நான்காண்டு அவகாசம் வாங்கிக்கொண்டது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தை 2019-இல் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்தார்கள். அந்த 2022-உம் போய்விட்டது. உலையின் ஆயுள் முடிந்து அதைப் பிரித்தெடுக்கும் செலவுக்கு ஒரு யூனிட்டுக்கு 2 பைசா பிடிக்கிறார்கள். இரண்டு பைசா.

கேள்வி கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? தல மதிப்பீட்டு அறிக்கையையும் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையையும் வெளியிடு என்று மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் உத்தரவிட்டது. அணுமின் கழகம் அந்த உத்தரவை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று இடிந்தகரைக் கடற்கரையில் கண்ணீர்ப்புகை. மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் செத்தார். லூர்து மாதா கோயில் முன்பு பந்தலில் பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோக வழக்கு. உலையை ஆதரிக்கிற நண்பர்களிடம் நான் கேட்பது, அறிக்கையை மறைக்கப் பார்த்ததும் மக்களை அடக்கியதும் அதன் தொழில்நுட்பத்துக்கு எதற்குத் தேவைப்பட்டன என்று.

அந்த 2012-ஐத் தமிழ்நாடு வேறு விதத்திலும் மறக்காது. சென்னைக்கு வெளியே தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. கோவையில் மோட்டார் பட்டறைகள் படுத்தன. கூடங்குளம் திறந்தால் விளக்கெரியும், இடிந்தகரைக்காரர்கள்தான் தடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் நம்பியது. அந்த வருடம் ஆடிக் காற்றில் கயத்தாற்றிலும் தென்காசிப் பக்கத்திலும் காத்தாடிகள் ஓடத் தயாராக இருந்தும் நிறுத்திவைக்கப்பட்டன. காற்று இல்லாமல் அல்ல, மின்சாரத்தை எடுத்துப்போக உயரழுத்தக் கம்பி போதவில்லை. தென்மண்டலக் கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான். ஒரு பக்கம் இருட்டு, இன்னொரு பக்கம் கட்டிப்போட்ட காத்தாடி. இதைச் சொல்ல அப்போது வாய் திறந்தவர்கள் குறைவு.

காற்று நின்றால் என்ன செய்வீர்கள், ராத்திரி வெயிலுக்கு எங்கே போவீர்கள்? நல்ல கேள்வி. இதற்குப் பதில் வால்பாறைப் பக்கத்துக் காடம்பாறையில் எண்பதுகளின் கடைசியிலிருந்தே இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே இறைத்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கிற நிலையம். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். அதுவும் தாமதம்தான், மறைக்கவில்லை. பேட்டரி விலையும் சூரியத் தகட்டின் வழியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. காற்று மே முதல் செப்டம்பர் வரை, வெயில் அது கழிந்த மாதங்களில் கூடுதலாக. இரண்டையும் ஒரே கம்பியில் சேர்த்தால் பள்ளம் பாதி நிரம்பிவிடும். அணு உலை எப்போதும் ஓடும் என்பதும் முழு உண்மை இல்லை. எரிபொருள் மாற்றவோ பழுது பார்க்கவோ நிறுத்தினால் வாரக்கணக்கில் நிற்கும். திடீரென்று நின்றால் 1,000 மெகாவாட் ஒரே மூச்சில் காணாமல் போகும். ஆயிரம் காத்தாடி ஒரே நொடியில் பழுதாவதில்லை.

இனி காத்தாடிக்காரர்களிடம். டென்மார்க்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பங்கு போட்டு வாங்கிய காத்தாடி, இங்கே முதல் வருடமே முழுத் தேய்மானம் காட்டி வரி மிச்சம் பிடிக்கிற முதலீடாக வந்தது. பலருக்கு அது சுற்றினாலும் ஒன்று, சுற்றாவிட்டாலும் ஒன்று. நூற்பாலைக்காரர்கள் உண்மையாகவே பயன்படுத்தினார்கள். சீசனில் தந்த மின்சாரத்தை ‘பேங்கிங்’ செய்து பிறகு எடுத்துக்கொண்டார்கள். நிலம் கொடுத்த ஊருக்குக் கிடைத்தது காவல்காரர் வேலை. இன்றும் மிகச் சிறந்த காற்றுள்ள இடத்தைத் தொண்ணூறுகளின் சிறிய எந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்ற அரசு 2024-இல்தான் ஒரு கொள்கை கொண்டுவந்தது. கமுதியில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஏக்கர் தகடு விரித்தார்கள். ராமநாதபுரத்தில் தகடு கழுவுகிற தண்ணீரும் ஆடு மேய்ந்த தரிசும் சின்ன விஷயங்கள் அல்ல. கழற்றிய இறக்கைகளை எங்கே போடுவது என்பதற்கும் சரியான விடை இல்லை. பசுமை என்று பெயர் வைத்தால் கேள்விக்கு விலக்கு என்றால், கூடங்குளத்தில் நாம் எதிர்த்தது எதை? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தக் குறைகள் எல்லாம் ஒரு கலெக்டர் அலுவலகத்தில், ஒரு ஊராட்சித் தீர்மானத்தில் பேசித் தீர்க்கக்கூடிய அளவில் இருக்கின்றன. ரகசியச் சட்டம் ஒன்றும் குறுக்கே நிற்காது.

அந்தப் பேச்சுக்கு வேளை வந்துவிட்டது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடலுக்குள் காற்றாலை வைக்க 7,453 கோடி ஒதுக்கியது. ஆயிரம் மெகாவாட், பாதி குஜராத்தில், பாதி தமிழ்நாட்டுக் கடலில். நம் தென்கடல்தான் அதற்குத் தேர்ந்த இடம். நான் இதை ஆதரிக்கிறேன். ஆதரிப்பதால்தான் சொல்கிறேன்: கடலடியில் எந்தப் பாரில் எந்த மாதம் என்ன மீன் என்று தெரிந்தவர்களைக் கேட்காமல் கம்பம் நட்டால் இன்னொரு பந்தல் போடவேண்டி வரும், அப்போது நானும் அதில் உட்காருவேன். கம்பங்களுக்கிடையே வள்ளம் போகலாமா, கேபிள் எங்கே கரையேறும், கட்டுமான மாதங்களில் தொழில் நின்றால் யார் ஈடு செய்வது? இவை எழுத்தில் வேண்டும். இன்னொன்றும் கேட்கலாம். கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே மிடில்குருண்டனில் 2000-இல் இருபது காத்தாடி நட்டபோது, பாதி மாநகர மின்நிறுவனத்துக்கு, பாதி ஆயிரக்கணக்கான ஊர்க்காரர்கள் சேர்ந்த கூட்டுறவுக்கு. கூத்தங்குழியிலும் உவரியிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அவையும் பங்கு கேட்கலாம். ஆனால் டெண்டர் நிபந்தனைகள் அச்சாவதற்கு முன்பே அந்த மனு போய்ச் சேரவேண்டும். மனு எழுதத் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிறேன், முதல் வரைவை இன்றைக்கே எழுதிவிடலாம்.